வட்டத்துக்குள் ஒரு பூ

புறவழிச்சாலைச் சுவரில் நீங்கள் அடித்திருக்கும் படங்களை என் மகன் வண்டியில் கூட்டிப்போய்க் காட்டினான். உண்ணிச்செடி மலையேறுகிறது, ஆகாயத்தாமரை கண்மாயை மூடுகிறது, சீமைக் கருவேலம் ஆற்றுக்குள் இறங்கி நிற்கிறது. எல்லாம் உருவம் வெட்டிய தகடு வைத்து அடித்தவை. உங்களுக்கு அது தகடு இல்லை, பிளாஸ்டிக் தாள். பெயிண்டும் டப்பாவை அமுக்கினால் புகை மாதிரி வருகிறதாம். வெட்டு சுத்தமாக இருக்கிறது, ஓரம் எங்கேயும் கசியவில்லை. பாராட்டத்தான் வந்தேன். ஆனால் முதலில் வந்தது வயிற்றெரிச்சல். பார்வை பாதி போன இந்த வயதிலும் அடுத்தவர் வெட்டிய சுத்தமான ஓரத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் வருகிறது.

கூடவே வந்த நீங்கள் கடைசியாக ஒரு படத்தின் முன்னால் நிறுத்தினீர்கள். காவி நிறத்தின் நடுவே வெள்ளையாக, வேரோடு ஒரு செடி. அதன் கீழே சின்னதாக ஒரு பூ, பூவின் மேல் இரண்டு குறுக்குக் கோடு. கம்பத்துக்கு அடுத்த கூடலூரில் பூட்டிக் கிடக்கும் ஒரு சரக்குக் கிட்டங்கியின் பக்கச் சுவரில், கூரைத் தகரத்தின் மறைவில் அது மங்கலாக மிஞ்சியிருந்ததாகவும், அதைப் பார்த்து எடுத்து இங்கே பெரிதாகப் போட்டிருப்பதாகவும் சொன்னீர்கள். விசாரித்ததில் பழைய ஆட்கள் என் பெயரைச் சொன்னார்களாம். படத்தின் கீழே கொட்டை எழுத்தில் பரமசிவம் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறிவிட்டேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

அந்தப் பெயரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தொழிலைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எப்படி வெட்டுவது, எப்படி அடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லித் தராத சங்கதி ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது, அது பொறாமை. அதில் எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு.

நாங்கள் கலைஞர்கள் இல்லை, தேனி பஜாரில் மார்க் தகடு வெட்டுகிறவர்கள். அறுபதுகளில் பருத்தி, ஏலக்காய், மிளகாய் என்று எந்தச் சரக்கு மூட்டையாகி லாரி ஏறினாலும் சாக்கின் மேல் வியாபாரியின் மார்க் இருக்கும். தகரத்தில் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து மையைத் தேய்த்தால் மார்க் விழும். வட்டத்துக்குள் மயில், வட்டத்துக்குள் விளக்கு, வட்டத்துக்குள் மணி. வட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் கடையின் பெயரும் ஊரும். சுமை தூக்குகிறவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை. மயிலைப் பார்த்து மயில் அடுக்கிலும் மணியைப் பார்த்து மணி அடுக்கிலும் போட்டுவிட்டுப் போவார்கள். சரக்கு மோசம் என்று தள்ளிய மூட்டையின் மேல் மட்டும் குறுக்கே இரண்டு கோடு விழும். அதற்குக் கழிவு என்று பெயர். வட்டமும் கழிவும் தெரியாத ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் அன்றைக்குக் கிடையாது. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நானும் சாலமோனும் ஒரே முதலாளியிடம் தொழில் கற்றோம். சாலமோன் போடிக்காரன். அவர்கள் வீட்டில் துணிக்கடை இருந்தது. கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் தகரக் கத்தரியைத் தூக்கிக்கொண்டு வந்தவன். வேலை செய்யும்போது வேதக்கோயில் பாட்டை விசிலில் அடித்துக்கொண்டே இருப்பான். எனக்கு விசில் வராது. எங்கள் முதலாளி அதிகம் பேசாதவர். கடை வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட நன்றாக வந்த தகட்டை அதில் மாட்டி வைப்பார். நான் சேர்ந்த நாளிலிருந்து என் கண் அந்த ஆணியின் மேல்தான் இருந்தது.

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்கு மணி மார்க் வேண்டும் என்று வந்தது. முதலாளி என்னிடம் கொடுத்தார். நான் அந்த மணிக்குள் நெளிநெளியாகக் கோடு கொடுத்தேன், நாக்கு வைத்தேன், நாக்குக்கு ஒரு கொக்கி வைத்தேன், மேலே தாமரை இதழ் வைத்தேன். வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்தால் கோயில் மணியே தோற்றுப்போகும். ஆனால் சாக்கு வெள்ளைத் தாள் இல்லை. மை இழுத்துக்கொண்டு, நெளி எல்லாம் அடைத்துக்கொண்டு, மூட்டையில் மணி புடைத்துப்போய் விழுந்தது. போடி ஸ்டேஷனில் சுமை தூக்குகிறவர்கள் அதற்குக் கத்தரிக்காய் மார்க் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏலக்காய் வியாபாரி தகட்டைக் கொண்டுவந்து மேஜையில் எறிந்தார்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகுக்குக் கொறச்ச இல்ல. ஆனா சாக்குல எது நிக்கிமோ அதத்தானப்பா வெட்டணும்" என்று சொல்லிவிட்டு ஒரு புதுத் தகரத்தைச் சாலமோனிடம் நீட்டினார். அவன் விசில் அடித்துக்கொண்டே நாலைந்து வெட்டில் ஒரு மணியை எடுத்தான். குழந்தை வரைந்த மாதிரி இருந்தது. சாக்கில் போட்டால் பத்தடி தள்ளி நின்றாலும் மணி. அந்தத் தகடு ஆணியில் ஏறியது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காக உட்காரும் இடத்தையே மாற்றிக்கொண்டேன்.

இதிலிருந்து நான் பாடம் கற்றிருக்க வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள். இல்லை. எதைப் போடுவது, எதை விடுவது என்று சாலமோனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவன் முகம்தான் தெரிந்தது. முதலாளி காலமான பிறகு தனித்தனியாகக் கடை போட்டோம், அதுவும் ஒரே தெருவில், எதிரெதிராக. அவன் கடைக்கு யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், சிரித்துக்கொண்டு போகிறார்களா என்று பார்ப்பதே எனக்குப் பாதி வேலையாக இருந்தது. "அந்த அண்ணன் கடையப் பாக்குற நேரத்துல நம்ம தகட்டப் பாத்தா இந்நேரம் மாடி கட்டியிருக்கலாம்" என்பாள் என் மனைவி.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை சரியாக இல்லை. நீங்கள் இப்போது பருவநிலை மாற்றம் என்று சொல்கிறீர்களே, அந்தச் சொல் எல்லாம் எங்களிடம் கிடையாது. கூடலூர்ப் பக்கம் இந்நேரத்துக்குச் சாரல் விழுந்திருக்க வேண்டுமே என்பார்கள். மேற்கு மலையைப் பார்ப்பார்கள். முன்ன மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பயிர் காய்ந்த இடத்திலும் ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. கேரட் இலை மாதிரி இலை, அரிசிப் பொரி மாதிரி வெள்ளைப் பூ. பார்த்தீனியம். எங்கள் பக்கத்தில் அதற்கு அப்போது ஒரு பெயர் நிலைக்கவில்லை. அரிப்புச்செடி என்பவர்கள் உண்டு, வெள்ளைப்பூச்செடி என்பவர்களும் உண்டு. வெங்காயக் காட்டில் களை எடுத்த பெண்களுக்குக் கையெல்லாம் தடித்துப் போனது. மாடு அதைத் தொடவில்லை.

விவசாய ஆபீசர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். சின்ன வயது, வெளியூர்க்காரர், சைக்கிளில் காடு காடாக அலைந்தவர். அவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒன்று சொன்னார். இந்தச் செடி எங்கிருந்தோ வந்தது, ஆனால் அதற்கு இடம் போட்டுக் கொடுப்பது நாம்தான். மலையில் காடு போகிறது, மழை தடுமாறுகிறது, நிலம் வெறுமையாகக் கிடக்கிறது, நம் புல் முளைக்காத இடத்தில் இது முளைக்கிறது. இதை ஊர் ஊராகச் சுவரில் போட வேண்டும், படிக்காதவருக்கும் புரிய வேண்டும் என்றார். தேனியிலிருந்து சின்னமனூர் வரை என் படம். உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் வரை சாலமோன் படம். எது வேலை செய்கிறதோ அதையே பள்ளத்தாக்கு முழுக்க எல்லாச் சுவரிலும் போடுவது என்று முடிவு.

சாக்கு கிழிந்தால் மார்க் போச்சு. சுவர் அப்படி இல்லையே. தேனி முதல் கூடலூர் வரை பஸ்ஸில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிற மாதிரி என் கைவேலை. அந்த ஆணியை விடப் பெரிய ஆணி. எனக்கு அது வேண்டும் என்பதைவிடச் சாலமோனுக்குப் போகக் கூடாது என்பது பெரிதாக இருந்தது.

நான் அந்தப் பூவை வெட்டினேன். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று வெட்டவில்லை. கொத்துக் கொத்தாகப் பூ, கீழே இரண்டு இலை, சுவரில் அடைக்காதபடி ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே அளவான இடைவெளி. கத்தரிக்காய் மார்க்கை மறந்தவனா நான்? எல்லாம் முடிந்த பிறகு, தகடு என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா என்று சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில், கண்டால் அழியுங்கள் என்று வெட்டினேன். சுவரில் விழுந்தபோது நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

சில வாரம் போயிருக்கும். என் கடைக்கு அடுத்தது உரக்கடை. ஓடைப்பட்டியிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வந்து நின்றார். "வட்டத்துக்குள்ள வெள்ளப் பூப் போட்ட ஒரம் வந்திருக்காமுல்ல. அதுல ஒரு மூட குடுங்க மொதலாளி" என்றார். உரக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படி ஒரு சரக்கு கிடையாதே என்றார். தோட்டக்காரர் விடவில்லை. "செவுரு செவுராப் போட்டிருக்காகளே. இம்புட்டு வெளம்பரம் பண்றாகன்னா நல்ல சரக்காத்தான இருக்கும்?" என்றார்.

தகரக் கத்தரி என் கையிலேயே நின்றுவிட்டது. வட்டத்துக்குள் எது இருந்தாலும் அது ஒரு வியாபாரியின் நல்ல சரக்கு. கீழே இருக்கும் பொடி எழுத்து கடைப் பெயர், அதை யாரும் படிப்பதில்லை. அந்த வழக்கத்தில் பிறந்து, அதிலேயே சாப்பிட்டு, அதையே மறந்துபோய் நான் ஒரு விஷச்செடிக்கு மார்க் வெட்டிக் கொடுத்திருந்தேன். அவர் ஒருவர் மட்டும் இல்லை. அந்த வாரத்திலேயே இன்னும் சிலர் வந்து கேட்டார்கள். உரக்கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி, "பரமசிவம், அந்த மார்க்க எனக்கே குடுத்துருப்பா. சரக்கு வர்றதுக்கு முந்தியே ஆளு வருது" என்று சொல்லிச் சிரித்தார். எதிர்க்கடையில் விசில் நிற்கவில்லை. அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவனுக்குக் காது கேட்கவில்லையா, கேட்டும் பெருந்தன்மையா? பெருந்தன்மை என்றால் அதை என்னால் தாங்கவே முடியாது.

மறுநாள் பஸ் ஏறினேன். அவன் லட்சணம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்றுதான். அவனும் எதிலாவது சறுக்கியிருப்பான் என்று ஒரு நம்பிக்கை.

கம்பத்தில் இறங்கி நடந்தேன். முதல் சுவரைப் பார்த்ததும் இது தகட்டில் அடித்தது இல்லை என்று தெரிந்துவிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவரில் காவி தெளித்திருந்தது. நடுவே வேர், தண்டு, கிழிந்த இலை எல்லாம் வெள்ளையாக, உயிரோடு நிற்கிற அளவில் ஒரு செடி. அடுத்த சுவரில் இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரி இல்லை. வரப்பில் நின்ற ஒரு பெண்ணிடம் இது எப்படி என்று கேட்டேன். நான் தேனிக்காரன் என்பது என் பேச்சிலேயே தெரிந்திருக்க வேண்டும், எனக்கு இது தெரியாததில் அவளுக்கு ஆச்சரியம். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு செடியைப் பிடுங்கணும், சுவரில் ஒட்ட வைத்துப் பிடிக்கணும், பூச்சிமருந்து அடிக்கிற பம்பில் காவியை ஊற்றி அடிக்கணும், பம்பு இல்லாவிட்டால் தென்னைமட்டையை நைத்துத் தெளிக்கணும், செடியை எடுத்தால் படம் நிற்கும் என்று விளக்கினாள். "புடுங்குனாத்தான் படம், அண்ணே. அங்கன பாருங்க, அது நாங்க போட்டது. எங்க காட்டுல இருந்த செடி" என்று பெருமையாகக் கையைக் காட்டினாள்.

சாலமோன் செடியையே தகடாக்கிவிட்டான். ஒரு படம் போட்டால் காட்டில் ஒரு செடி குறையும். தகடு வெட்டத் தெரிந்த ஆள் வேண்டாம், எங்கள் இருவரில் யாருமே வேண்டாம். நான் ஏன் இதை நினைக்கவில்லை? அதே தெரு, அதே முதலாளி, அதே அரிப்புச்செடி என் கடை வாசல் சாக்கடை ஓரத்திலும்தானே நிற்கிறது?

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கூடலூர் போகிற வழியில் ஒரு கண்மாய். அதன் மதகுச் சுவரில் நல்ல வருஷங்களில் தண்ணீர் நின்ற கறை என் தலைக்கு மேலே இருந்தது. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கறையை ஒட்டி, தண்ணீர் முட்டிக்கொண்டு நின்ற அதே மட்டத்தில், வரிசையாகச் செடி, செடி, செடி. ஓர் எழுத்து இல்லை. ஆபீசர் எங்களை உட்கார வைத்துச் சொன்ன அத்தனையும் அந்தச் சுவரில் இருந்தது. தண்ணீர் இருந்த இடம் இது, இப்போது இருப்பது இது. நான் கண்மாய்க்கரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மழைக்காகவோ ஊருக்காகவோ வந்த கண்ணீர் என்று பொய் சொல்ல மாட்டேன். அது முழுக்க முழுக்கப் பொறாமை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் மதகின் கீழே பார்த்தேன். படம் போட்டு முடித்த செடிகளை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காய்ந்து கிடந்தன. இறங்கிப்போய் ஒன்றை எடுத்து உதறினேன். உள்ளங்கையில் கறுப்பாகப் பொடி விழுந்தது. விதை. பூத்து முற்றிய செடி. பக்கத்தில் கிடந்ததும் அப்படியே. சாலமோன் முதலில் பூக்காத இளஞ்செடியைத்தான் காட்டியிருப்பான். ஜனங்கள் பெரிய செடியாக இருந்தால் பெரிய படம் விழும் என்று பூத்ததைத் தேடிப் பிடுங்கியிருக்கிறார்கள். காட்டிலிருந்து ஊருக்குள் தூக்கி வந்து, சுவர் சுவராக உதறி, அங்கேயே போட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தேன். குமுளி மலைப் பக்கம் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த வருஷத்தில் முதல் தடவையாக.

எனக்குள் மேளம் கொட்டியது. ஒரே ஒரு மழை போதும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பாத்தி முளைக்கும். உரக்கடைக்காரர் அப்போது யாரைப் பார்த்துச் சிரிப்பார்? நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பேசாமல் திரும்பிப் பஸ் ஏறினால் போதும்.

பிள்ளைகளே, நான் பேசாமல் போகவில்லை. நான் நல்லவன் என்பதால் இல்லை. மழை வரும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அவன் முகம் மாறுவதை அன்றைக்கே, எல்லோர் முன்னாலும், என் கண்ணால் பார்க்க வேண்டும். கூடலூரில் ஆபீசர் வந்திருக்கிறார், கிட்டங்கிச் சுவரில் சாலமோன் படம் போட்டுக் காட்டுகிறான் என்று கேள்விப்பட்டு, காய்ந்த செடி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே அங்கே போனேன்.

நல்ல கூட்டம். ஜீப்புக்காரர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டங்கிச் சுவரில் செடி அப்போதுதான் விழுந்து ஈரமாக இருந்தது. ஆபீசர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், துண்டைத் தரையில் விரித்து, அதன் மேல் செடியை உதறினேன். வெள்ளைத் துண்டில் கறுப்பு விதை நன்றாகத் தெரிந்தது.

"ஒரு செடியப் புடுங்குறேன்னு ஊரு பூராம் வெதச்சு வச்சிருக்க, சாலமோன். மேகத்தப் பாரு. இன்னைக்கு மழ விழுந்துச்சுன்னா ஒம் படத்துக்குக் கீழ பூராம் தோட்டந்தான்" என்றேன்.

கூட்டம் கப்பென்று அடங்கியது. ஆபீசரின் சிரிப்பு போய்விட்டது. அந்த அமைதியை நான் ரசித்தேன், மறைப்பானேன். இத்தனை வருஷத்தில் சாலமோன் விசில் இல்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் குனிந்து விரலை எச்சில் பண்ணி ஒரு விதையைத் தொட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். பக்கத்தில் கிடந்த செடிகளைப் புரட்டிப் பார்த்தான். அவன் தடுமாறப் போகிறான், சமாளிக்கப் போகிறான், ஜனங்கள் மேல் பழி போடப் போகிறான் என்று நான் காத்திருந்தேன்.

"நீ சொல்றது சரிதான், பரமா. நான் படத்தப் பாத்தேன், கீழ பாக்கல" என்றான். அதோடு விட்டிருந்தால் நான் ஜெயித்தவனாக ஊர் திரும்பியிருப்பேன். அவன் நிமிர்ந்து, "ஒன் பூத் தகடு எங்க இருக்கு?" என்றான்.

தேனியில் இருக்கிறது என்றேன், குத்திக்காட்டுகிறான் என்று நினைத்து.

"அந்த வட்டத்த எடுத்துரு. பூவு மேல கழிவு போட்டுக் கொண்டா. ஒவ்வொரு செடிக்குக் கீழயும் அத அடிப்போம். பூ வந்துருச்சுன்னா தூக்கிட்டு வராத, அங்கனயே குழி தோண்டிப் பொதைன்னு எல்லாருக்கும் தெரியும். ஒன் அளவுக்குப் பூ வெட்ட எனக்குக் கை வராதுடா."

தோற்கடிக்க வந்தவனை அவன் வேலைக்கு வைத்துவிட்டான். ஆபீசர் என்னைப் பார்த்தார், கூட்டம் என்னைப் பார்த்தது, மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. மாட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். வெளியே வந்தது, காலையில் முதல் பஸ்ஸில் கொண்டுவருகிறேன் என்பது.

வீட்டுக்கு வந்து அந்த வட்டத்தை என் கையாலேயே கத்தரித்தேன். பூவின் குறுக்கே கழிவுக் கோடு இரண்டு வெட்டினேன். சரக்கு மோசம் என்று ஒதுக்கும் கோட்டை என் கைவேலையின் மேல் நானே போட்டேன். மனைவி பார்த்துவிட்டு, "வட்டம் இல்லாமத்தான் நல்லாருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மழை எங்களுக்கு இரண்டு மூன்று நாள் கொடுத்தது. கூடலூரிலிருந்து உத்தமபாளையம் வரை நானும் அவனும் ஆபீசரும் சுவர் சுவராகப் போனோம். கீழே கிடந்ததை வாரிக் குழியில் போட்டோம். ஒவ்வொரு செடியின் கீழேயும் கழிவு போட்ட என் பூவை அடித்தோம். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்ததுமே ஜனங்கள் கையில் இருந்த பூத்த செடியைப் பார்த்தார்கள், பிறகு குழி தோண்ட மண்வெட்டி தேடினார்கள். மழை விழுந்தது. சில சுவர்களின் கீழே முளைக்கத்தான் செய்தது. பூப்பதற்கு முன்னால் அந்தந்த ஊர்க்காரர்களே பிடுங்கிச் சுவரில் போட்டார்கள். என் தேனிச் சுவர்களில் இருந்த வட்டப் பூவை எல்லாம் நானே சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டு, அங்கேயும் செடியையும் கழிவுப் பூவையும் போட்டோம். செடி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. உங்கள் புறவழிச்சாலை ஓரத்திலேயே நிற்கிறதே.

மதுரையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். போட்டோ எடுத்தார்கள். நடுவில் சாலமோன் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஓரத்தில் பாதித் தோள் ஒன்று தெரியும், அது என்னுடையது. அப்போது எல்லோரும் அதைச் சாலமோன் படம் என்றுதான் சொன்னார்கள். என் பூவைப் பற்றி யாராவது சொல்வார்களா என்று டீக்கடை டீக்கடையாகக் காது கொடுத்துக் கேட்டவன் நான்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் தொழில் பாடம் இது ஒன்றுதான். ஒரு படம் சுவரில் ஏறுவதற்கு முன்னால் அதை உங்கள் மேல் பொறாமை உள்ள ஓர் ஆளிடம் காட்டுங்கள். நண்பர்கள் படத்தைப் பார்ப்பார்கள். அவன் கீழே என்ன கிடக்கிறது என்று பார்ப்பான். சாலமோனைச் சுற்றி நண்பர்கள் நிறைய இருந்தார்கள், ஆபீசர் உட்பட, அவர்கள் யாருக்கும் அந்த விதை தெரியவில்லை. நீங்கள் பொறாமைப்படுகிற ஆளாக இருந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம், ஆனால் வாயை மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருக்காதீர்கள். போய் நேரில் சண்டை போடுங்கள்.

சாலமோன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. போடியில் அடக்கத்துக்குப் போயிருந்தேன். எனக்கு இவ்வளவு கூட்டம் வராது என்றுதான் அங்கேயும் தோன்றியது. எதிர்க்கடையை யாரோ செல்போன் கடை ஆக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் பார்க்க இப்போது ஒன்றும் இல்லை.

உங்கள் சுவரில் அந்தச் செடியின் கீழே என் பெயரைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் முழுக்க எனக்கு வேண்டியிருந்தது அதுதான். கம்பத்துச் சுவரின் முன்னால் நின்று, மதகின் முன்னால் உட்கார்ந்து, இது என்னுடையதாக இருக்கக் கூடாதா என்று ஏங்கியது அதற்குத்தான். நீங்களாகவே கொண்டுவந்து கொடுத்தீர்கள். மறுத்துச் சொல்ல இன்றைக்கு எதிர்க்கடையிலும் ஆள் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அது என்னுடையது. சில நாள் அந்தச் சுவர் வழியாகவே என்னைக் கூட்டிப்போகும்படி மகனிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பெயரைப் படித்தேன். ஒவ்வொரு தடவையும், நான் படத்தப் பாத்தேன், கீழ பாக்கல என்ற அவன் குரல்தான் கேட்டது. அவனுக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதிலும் என்னை முந்திவிட்டான் என்ற நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால் என் பெயரை அழித்துவிடுங்கள். செடிக்குக் கீழே சாலமோன், போடி என்று எழுதுங்கள். வட்டம் எதுவும் போட வேண்டாம்.

பூ என்னுடையது. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என் பெயரை அங்கே போடுங்கள். அவன் பெயரை விட ஓர் அளவு பெரிய எழுத்தாகப் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.